சாப்பாட்டுக்குப் பணம் வேண்டாம்

ஆம்பூர்
1933, ஆகஸ்டு 6

வேலூர்க் காலேஜில் படிக்கும் என் மகன் துரைசாமிக்கு அப்பா தேவசகாயம் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் உன் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நம்பத்தான் வேண்டியிருக்கிறது, உன் கடிதத்தைப் பார்த்தால் ஒன்றும் விளங்கவில்லை.

இனிமேல் சாப்பாட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டாம், சிக்கனமாகச் சமாளித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். சிக்கனம் என்றால் கம்மியாகச் செலவாகும். செலவே இல்லாமல் எப்படியடா போகும்? வேலூரில் சோறு இன்னா மரத்திலா காய்க்கிறது? நம் தெருவிலிருந்து படிக்கப் போன பிள்ளைகள் எல்லாம் பத்தவில்லை, பத்தவில்லை என்றுதான் எழுதுவார்கள். வேண்டாம் என்று எழுதின பிள்ளை நீ ஒருத்தன்தான். அதுதான் எனக்கு இடிக்கிறது.

நான் தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி. ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. பெற்ற பிள்ளையையும் அப்படித்தான் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே. போன முறை நீ வந்தபோது கோவிலில் திருவிருந்துக்கு என் பக்கத்தில் மண்டியிட்டாய். அப்பம் வாங்கக் கையை நீட்டினாய் அல்லவா, அப்போது பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கறுத்த கறை. நகத்துக்குள்ளும் கறை. போதகர் அப்பத்தை வைத்ததும் சட்டென்று கையை மூடிக்கொண்டாய். அந்தக் கறை எனக்குத் தெரியாதா? ஆவாரம்பட்டைத் தண்ணீரில் தோலை ஊறவைத்துப் புரட்டுகிறவன் கையில் ஏறுகிற கறை அது. எந்தச் சவுக்காரம் போட்டாலும் போகாது. என் கையில் இருக்கிறது. என் அப்பனைப் பெட்டியில் வைத்தபோதும் அவர் கையில் இருந்தது.

துரை, உண்மையைச் சொல். காலேஜை விட்டுவிட்டு வேலூரில் ஏதாவது ஷாப்பில் கூலிக்குப் போகிறாயா? நீ பிறந்த அன்றைக்கே உன் அம்மாவிடம் சொன்னேன், இவன் கை பட்டைத் தண்ணீரில் படக்கூடாது என்று. முதலாளி முக்தார் அகமது சாயபு உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று நல்ல மனதோடு சொன்னபோதும் சலாம் போட்டு வேண்டாம் என்றவன் நான். இந்த ஊரில் நம்மை எட்ட நிறுத்திப் பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்று உனக்குத் தெரியும். நான் தொட்ட செம்பில் தண்ணீர் குடிக்கமாட்டார்கள். அதெல்லாம் என்னோடு போகட்டும் என்றுதான் உன்னைப் படிக்க வைக்கிறேன்.

ஆனால் ஒன்று. ஷாப்பு வேலை செய்கிறவன் இளைத்துப் போவான். நீ சதை போட்டிருக்கிறாய். இது எனக்குப் புரியவில்லை.

உன் அம்மாவுக்கு வேறு சந்தேகம். நீ அடுப்படியில் அவள் பக்கத்தில் குந்திக்கொண்டு, இருபது பேருக்கு ரசம் வைத்தால் புளி எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று கேட்டாயாம். அப்போது பூரித்துப் போனாள். இப்போது மூக்கைச் சிந்துகிறாள். எங்களுக்குத் தெரியாமல் இருபது பேருக்குப் பந்தி போட்டுக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாயாம். இப்போதே பெண் வீட்டில்தான் உனக்குச் சாப்பாடாம். நான் அதட்டி வைத்திருக்கிறேன். ஆனாலும் இல்லை என்று நீயே எழுதிவிடு.

எல்லாவற்றுக்கும் பதில் போடு. ஆண்டவர் உன்னைக் காப்பாராக.

உன் அப்பா,
தேவசகாயம்

ஆம்பூர்
ஆகஸ்டு 20

மகன் துரைசாமிக்கு ஆசீர்வாதம்.

உன் கார்டு வந்தது. கல்யாணம் இல்லை, காலேஜை விடவில்லை, என்னை நம்புங்கள் அப்பா என்று எழுதியிருக்கிறாய். கறையைப் பற்றி மூச்சு விடவில்லை. எந்தத் தரகன் "நம்புங்க மேஸ்திரி" என்று சொல்கிறானோ, அவன் தோல் கட்டைத்தான் நான் முதலில் பிரிப்பேன்.

அதனால்தான் அமீர் பாஷாவை அனுப்பினேன். வேலூருக்குத் தோல் பாரம் ஏற்றிப் போகிறவன், என் தோஸ்த், என்னிடம் மறைக்கமாட்டான் என்று நினைத்தேன். திரும்பி வந்தவன், பையன் படிக்கிறான், நல்லா இருக்கான், போய் வேலையைப் பாரு என்கிறான். கையில் இன்னா கறை என்று கேட்டால் தாடியைத் தடவிக்கொண்டு சிரிக்கிறான். உன் பையனுக்கு வாக்கு கொடுத்துட்டேன், அவன்தான் சொல்லணும் என்கிறான். வேலூரில் சாப்பாடு பிரமாதம் என்று மட்டும் சொன்னான். யார் போட்ட சாப்பாடு என்றால் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். என் சிநேகிதனையே உன் பக்கம் இழுத்துவிட்டாயே, கெட்டிக்காரன்தான்.

எனக்குச் சோறு இறங்கவில்லை, பேஜாராகிவிட்டது. ஷாப்பில் ஒரு கட்டு தோலை இரண்டு தரம் பார்த்தும் மனதில் நிற்கவில்லை. இனி யாரையும் கேட்கப் போவதில்லை.

அப்பா

ஆம்பூர்
ஆகஸ்டு 27

என் கண்ணான துரைக்கு,

நேற்று நான் வேலூருக்கு வந்திருந்தேன். உனக்குத் தெரியாது. முதலாளியிடம் லீவு சொல்லிவிட்டு ரயிலேறி வந்தேன். லாங் பஜாரில் விசாரித்து, பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கிற ஓட்டு வீட்டைக் கண்டுபிடித்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று, முன்வாசலுக்குப் போகாமல் சந்து வழியாகக் கொல்லைப்பக்கம் வந்தேன்.

பிடித்துவிட்டேன். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு நீ வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாய். பால் வழிந்து விரலெல்லாம் கறுத்துக் கிடந்தது. அடப்பாவி, வாழைக்காய்க் கறையா அது! கறை என்றாலே இந்தக் கண்ணுக்குப் பட்டைதான் தெரிகிறது, என்ன செய்ய? எனக்கு வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

நீ காயை எடுத்துக்கொண்டு உள்ளே போனாய். அப்போது ஒரு பிள்ளை கிணற்றடிக்கு வந்தான். நெற்றியில் விபூதிப் பட்டை. யாரு பெரியவரே, இன்னா வேணும் என்று கேட்டான். துரையின் அப்பா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் என் சட்டையின் ஷாப்பு நாற்றம் எனக்கே அடித்தது. விறகு வேணுமா என்று கேட்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன்.

நான் தோண்டித் தோண்டிக் கேட்டதில் அந்தப் பிள்ளை எல்லாம் சொன்னான். சமையல்காரர் நின்றுவிட்டாராம். ஹோட்டல் சாப்பாடு யாருக்கும் கட்டுப்படியாகவில்லையாம். துரைதான் காலேஜுக்கு முன்னாலும் பின்னாலும் எல்லோருக்கும் சமைக்கிறானாம், அதற்குப் பதிலாக அவன் சாப்பாட்டுக்குக் காசு வாங்குவதில்லையாம். விறகு விலையை அவன்கிட்டயே பேசுங்க, கூப்பிடட்டுமா என்றான். வேண்டாம், அப்புறம் வர்றேன் என்றேன். வெயிலில் வந்திருக்கிறீர்கள், கறி இன்னும் ஆகவில்லை, ரசம் சோறாவது சாப்பிட்டுப் போங்க, எங்க துரை ரசம் வேலூரிலேயே கிடைக்காது என்று அவனே ஒரு இலையில் கொண்டுவந்து வைத்தான். விறகு அடுக்கின் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

நான் கை கழுவுவதற்குள் உள்ளே பந்தி உட்கார்ந்துவிட்டது. துரை இங்கே வா, துரை எனக்கு இன்னொரு கரண்டி என்று ஒரே கூச்சல். என் பிள்ளை கையால் வாங்கிச் சாப்பிட இத்தனை பேரா என்று இலையைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். சந்தோஷம்தான், வேறொன்றும் இல்லை.

ஆனால் என் புத்தி சும்மா இருக்குமா? நீ யார் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியுமா, தெரிந்துதான் சாப்பிடுகிறார்களா என்று உடனே சந்தேகம் வந்துவிட்டது. தெரியாமல் இருந்து, நான் உள்ளே வந்து நின்று, அத்தனை பேரும் இலையை விட்டு எழுந்துவிட்டால்? உன் சாப்பாடும் போகும், படிப்பும் போகும். இலையை மடித்துப் போட்டுவிட்டு வந்த வழியே திரும்பிவிட்டேன்.

நான் திட்டுவேன் என்றுதான் மறைத்தாய் போலிருக்கிறது. போகட்டும். அந்தக் கறை எனக்குச் சம்மதம். பணம் அனுப்புவதை மட்டும் நிறுத்தமாட்டேன், பால் வாங்கிக் குடி. கல்யாணம் இல்லை, சமையல்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். இப்போது பார்த்தால் கொஞ்சம் ஏமாந்தவள் போல் இருக்கிறாள். ரசத்தில் உப்பு எனக்கு ஜாஸ்தியாகத் தெரிந்தது. நீ போட்ட அளவு சரியாகத்தான் இருக்கும் என்று அவள் சாதிக்கிறாள்.

நீ யார் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியுமா என்று மட்டும் மறைக்காமல் ஒரு வரி எழுது. அவர்களுக்குத் தெரியும் என்றால், கிறிஸ்மஸுக்கு முன்னால் நானும் அம்மாவும் வெளுத்த துணி உடுத்திக்கொண்டு முன்வாசல் வழியாக வருகிறோம். தெரியாது என்றால் நீ ஒன்றும் சொல்லிக்கொள்ள வேண்டாம், அப்படியே இரு. எனக்கு வருத்தம் இல்லை. உன்னைப் பார்க்கத் தோன்றும்போது கொல்லைப்பக்கம் விறகுக்காரனாகவே வந்து போகிறேன். நீ மட்டும் என்னைப் பார்த்ததும் அப்பா என்று கூப்பிட்டுவிடாதே.

ஆண்டவர் உன் கையை ஆசீர்வதிப்பாராக.

தேவசகாயம்