இரண்டு துளை விட்ட இடம்

சேசு மரி சூசை துணை

மணவாளக்குறிச்சி அஞ்சல்
3.12.2006

அன்பு மகன் ஆன்ட்ரூசுக்கு அப்பா மரியஜான் எழுதுவது. மாதா கிருபையில் நானும் அம்மையும் ஒரு மாதிரி சுகமாக இருக்கிறோம். எனக்கு முட்டுவலி, அது இனி என்னோடுதான் போகும். சார்ஜாவில் இப்போது குளிர் என்றார்கள். தலையில் துணி கட்டாமல் வேலைக்குப் போகாதே.

கல்லறைத் தோட்டத்து இரும்புக் கிராதி வந்துவிட்டது. சுனாமியில் கடல் திருப்பித் தந்தவர்களையெல்லாம் ஒரே குழியில் அடக்கினோமே, அதைச் சுற்றி நிற்கப் போவது. நீ பவுடர் கோட்டிங் கம்பெனியில் சூப்பர்வைசர் என்பதால்தான் உன்னிடம் கேட்கச் சொன்னார் பங்குச் சாமியார். நீ எழுதி அனுப்பியதைப் பங்குப்பேரவையில் நானே வாசித்தேன். இரும்பை முதலில் துத்தநாகத்தில் முக்க வேண்டும், அதற்கு மேல்தான் சூட்டில் உருக்கி ஒட்டவைக்கும் வண்ணப் பவுடர். அதிலும் வீட்டுக்குள் இருக்கும் சாமானுக்குப் போடுகிற பவுடர் ஆகாது, வெயிலில் சுண்ணாம்பாக வெளுத்துவிடும் என்று எழுதியிருந்தாய். உடனே ஒருவர், ‘பெயிண்டு அடிச்சா போராதா? கலெக்டர் பங்களாவா கெட்டுதோம்?’ என்றார். அவர் வீட்டு ஜன்னல் கம்பியைப் போய் ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு வந்து பேசச் சொன்னேன். தொட்டால் துருவாகக் கையோடு வந்துவிடும் என்று அவருக்கே தெரியும்.

நிறத்துக்குத்தான் பெரிய வழக்கு. ஆண்கள் எல்லோரும் மாதாவின் நீலம் என்றோம். சகாயத்தின் பெண்டாட்டி ஜெமி எழுந்து, ‘நீலத்தப் பாத்துப் பாத்துக் கண்ணு எரியுது. அவிய படுத்துக் கெடக்க எடத்துலயும் நீலமா?’ என்று கேட்டாள். சகாயமும் அந்தக் குழியில்தான் கிடக்கிறான். நீலத்தை விட்டுவிட்டோம். நிறச்சீட்டை டியூப் லைட்டில் பார்க்காதீர்கள், வெயிலில் கொண்டுபோங்கள் என்று நீ எழுதியிருந்ததால் பெண்களே அதைக் கரைக்கு எடுத்துப் போய் மணல்மேல் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்தது மினுக்கம் இல்லாத கறுஞ்சாம்பல். நம் கரை மணலின் நிறம்.

இனி வீட்டு விஷயம். பவுடர் ஏறிய பிறகு வெல்டிங் வைக்கக் கூடாது, துளை போடக் கூடாது, வைக்க வேண்டியதை எல்லாம் முன்னாலேயே வைத்துவிடுங்கள் என்று அடிக்கோடு போட்டிருந்தாய். அந்த ஒரு வரிதான் நம் வீட்டைக் கலக்கியது. உடல் கிடைக்காமல் போனவர்கள் பெயரையும் கிராதியில் வைப்பது என்று தீர்மானம். திங்கள்சந்தையில் பட்டறை வைத்திருக்கும் கோலப்பன் எல்லாப் பெயரையும் தகட்டில் வெட்டிக் கிராதியில் ஒட்டிவிட்டு, உன் தம்பி பிரைட்டன் பெயருக்காகக் காத்திருந்தான். பவுடர் ஏற்றக் கிராதியை லாரியில் அனுப்பும் நாள் நெருங்கியது. அம்மை சம்மதிக்கவில்லை. ‘எம்பிள்ளையக் கண்டது ஆரு? பேர ஒட்டாண்டாம்’ என்று ஒரே பிடி. செவ்வாய் தவறாமல் அந்தோனியார் குருசடிக்குப் போகிறாள். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர்தானே. போன மாதம் கல்லறைத் திருநாளில் ஊரே மெழுகுதிரி கொளுத்தியது, அவள் வாசல் தாண்டவில்லை.

அவள் மனசு எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். நீ அவனுக்கு எடுத்து அனுப்பிய விசா சுனாமி வருஷம் டிசம்பர் ஆரம்பத்திலேயே வந்துவிட்டது. ‘கிறிஸ்மஸ் கழிச்சுப் போட்டும்’ என்று பிள்ளையைப் பிடித்து வைத்தவள் அவள். கிறிஸ்மஸுக்கு மறுநாள் காலையில் அவன் வலையைப் பார்க்கக் கரைக்குப் போனான். அந்த வார்த்தையை நீ இன்னும் நெஞ்சில் வைத்திருக்கிறாய். என்னிடம் போனில் ஊர்க்கதை எல்லாம் பேசுகிறாய், அம்மை போனை வாங்கினதும் உன் கார்டில் காசு தீர்ந்துவிடுகிறது. நானும் இதுவரை தெரியாதவன் போல இருந்தேன். மகனே, எந்தத் தாய் கிறிஸ்மஸுக்குப் பிள்ளையைப் போ என்று சொல்லுவாள்?

கடைசியில் நான் ஒரு வழி யோசித்தேன். அவன் இடத்தை வெறுமையாக விடுவது. பிறகு தகடு மாட்டுவதற்கு இரண்டு துளை மட்டும் இப்போதே போட்டுவிடுவது. தகட்டையும் தனியாக வெட்டி, கிராதியோடு சேர்த்தே முக்கி, அதே பவுடரை ஏற்றி வாங்கிவிடுவது. பின்னால் செய்தால் நிறம் ஒத்து வராது என்று நீதான் எழுதியிருந்தாய். இதை அம்மையிடம் சொன்னேன். நான் பட்டறைக்குக் கிளம்பியபோது சேலை மாற்றிக்கொண்டு கூடவே பஸ் ஏறினாள்.

கோலப்பன் தகட்டைத் தயங்கித் தயங்கித்தான் கொடுத்தான். அவள் மடியில் வைத்துப் பெருவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தடவினாள். அழுவாள் என்று நினைத்தேன். ‘மக்கா, ஓரம் கையக் கிழிக்குது. நல்லா உரசி விடு’ என்று மட்டும் சொன்னாள். கூரான விளிம்பில் பவுடர் நிற்காது, துரு அங்கேதான் தொடங்கும் என்று நீயும் எழுதியிருந்தாய். அவள் உன் கடிதத்தை வாசித்தவள் இல்லை. நான் வெளியே போய் நின்றுவிட்டேன்.

இப்போது தகடு வீட்டில் இருக்கிறது. பிரைட்டன் சட்டைகளுக்கு நடுவில் பெட்டியில் வைத்திருக்கிறாள். இந்த உப்புக் காற்றில் இரும்பைக் காப்பாற்ற இவ்வளவு வழி எழுதி அனுப்பினாயே, எனக்குப் பெருமைதான். ஆனால் ராத்திரி படுத்தால் நீ அம்மையோடு பேசாமல் இருப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

26-ஆம் தேதி சாமியார் கிராதியை ஜெபம் சொல்லி மந்திரிக்கிறார். லீவு கேள். தரவில்லை என்றால் மறுபடியும் கேள். தகட்டை மாட்டத் துருப்பிடிக்காத போல்ட்டு இரண்டும், அடியில் வைக்கப் பிளாஸ்டிக் வாஷரும் வேண்டும். இங்கே நல்லது கிடைக்காது. பார்சலில் அனுப்பாதே, வேறு ஆள் கையிலும் கொடுத்துவிடாதே. நீயே கொண்டுவந்து அம்மை கையில் வை. எப்போது மாட்டுவது என்று அவள் சொல்லட்டும். இந்த வருஷம் வேண்டாம் என்றால் வேண்டாம், ஒரு நாளும் வேண்டாம் என்றாலும் அந்த இடம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும். அவள் இன்னும் பிரைட்டனுக்காக வாசலைப் பார்க்கிறாள். வருகிறவன் நீயாகவாவது இரு.

இருக்கும் இடத்திலிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். அம்மையும் வரைந்தாள் என்று வைத்துக்கொள்.

உன் அப்பா,
மரியஜான்