சீருடையில் தைத்த உள்பை

அன்புள்ள மூத்தவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம், என் வலது கை மட்டும் மாவுக்கட்டுக்குள் சுகமாகத் தூங்குகிறது. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். (கட்டு கைக்குத்தான், வாய்க்கு இல்லை. அடைப்புக்குறிக்குள் வருவதெல்லாம் நான், அக்கா.) உன் கடிதம் வந்ததிலிருந்து தையல் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்து, ஜன்னல் வெளிச்சம் துணி மேல் மெதுவாக நகர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதிப்புரிமைச் சட்டம் பற்றி நாலு வருஷம் உழைத்து நீ எழுதிய புத்தகத்தில் உன் பேராசிரியர் தன் பெயரை முதலில் போடச் சொல்கிறாராமே, போட்டால் சட்டக் கல்லூரி வேலை நிச்சயமாமே. (திருட்டைப் பற்றிய புத்தகத்தையே திருட ஒரு தைரியம் வேண்டும்.) சீருடைக்கு நீ கண்டுபிடித்த உள்பையை எதிர்க்கடை தையல்காரர் எடுத்துக்கொண்டபோது நீயும் சும்மாதானே இருந்தாய், நானும் அப்படியே இருந்துவிடவா என்று கேட்டிருக்கிறாய்.

நேற்று மதியம் கண் அசந்தபோது தெரு நிறைய சீருடைப் பிள்ளைகள், ஒவ்வொரு உள்பையிலும் உன் புத்தகத்தின் ஒரு தாள், நடக்க நடக்கச் சரசரவென்று சத்தம். எதிலும் பெயர் இல்லை. நீ ஒவ்வொரு பையாகத் தேடிக்கொண்டே வந்தாய். விழித்ததும் முடிவு செய்தேன், இத்தனை வருஷம் மறைத்ததைச் சொல்லிவிட வேண்டும். நீ பென்சில் தொலைக்கிறாயே என்று அந்த உள்பையை நான்தான் முதலில் தைத்தேன். பத்து வயதில் நீ எதிர்க்கடை வாசலில் நின்று, இது எங்கம்மா பை, பிரிச்சுடுங்க என்று கத்தினாய். அவர் சிரித்து, வக்கீலம்மா உள்ள வாங்க என்று ஸ்டூல் போட்டார். (அந்த ஸ்டூலில் ஆரம்பித்ததுதான் கடைசியில் சட்டப் பட்டம் வரைக்கும் போய்விட்டது.) ஆனால் அவர் அதைத் திருடவில்லை. அதற்கு முன்பே என்னிடம் வந்து, அக்கா, எப்படித் தைக்கிறீங்க, சொல்லித் தர்றீங்களா என்று கேட்டார், நானே காகிதத்தில் வெட்டிக் கொடுத்தேன். எனக்காக நீ சண்டை போட்ட அழகைப் பார்த்து, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. (எனக்கும் இப்போதுதான் தெரியும், பேனா நின்றுவிட்டது.)

நான் கொடுத்தேன் கண்ணு. உன்னிடம் யாரும் கேட்கவில்லை, பிடுங்குகிறார்கள். என்னை உதாரணம் காட்டிக் கையெழுத்துப் போட்டுவிடாதே. முடியாது என்று மரியாதையாக எழுதிக் கொடு. வேலை போனால் வீட்டுக்கு வா, இங்கே இன்னொரு ஸ்டூல் இருக்கிறது. நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணாடி நம்பரைப் பார்த்துக்கொள். உன் பெயர் நிலைக்கட்டும் என்று வாழ்த்துகிறேன்.

சொன்னது: அம்மா (இடது கைக் கையெழுத்து, பூச்சி ஊர்ந்த மாதிரி)
எழுதியது: தங்கை

(என் பெயரை இங்கே போடச் சொன்னது அம்மாவேதான். முதலில் போடட்டுமா என்று கேட்டேன். மாவுக்கட்டால் ஒரு தட்டு விழுந்தது.)