கடைசி மடிப்பு

5 செப்டம்பர் 1971, ஞாயிறு
ஆறு நாள் தியாகராய நகரில் ஜவுளிக்கடை நடத்தும் அப்பா, ஏழாம் நாள் என்னை நடத்துகிறார். கிண்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வேளச்சேரி ஏரிக்கரை வரை. கையில் குடை. வாயில் ஒரே வசனம்: "அந்தா பாரு சீதா, நாரை." போன வாரமும் அதே நாரைதான். அதற்கும் எங்களைப் பார்த்து அலுத்திருக்கும்.

அண்ணன் ஜவஹர் வரவில்லை. முழுக்கால் சட்டை தைத்ததிலிருந்து துரைக்கு அப்பாவோடு நடக்க வெட்கம். போகலாம் என்றாலும் போகாத ஜன்மம்.

8 செப்டம்பர்
வளர்கிற பிள்ளைக்கென்று என் பாவாடையின் அடியில் மூன்று மடிப்பு வைத்துத் தைத்தாள் அம்மா. ஒரே வருஷத்தில் மூன்றும் காலி. இன்று கடைசியையும் பிரித்தாள்.

"ஏட்டி, இனிப் பிரிக்கத் துணி இல்ல. இதும் ஏறிச்சுன்னா தாவணிதான். தாவணி போட்ட பிள்ள ஏரிக்கரையில திரியப்படாது."

ஜவுளிக்கடைக்காரர் வீட்டில் துணி இல்லையாம்.

19 செப்டம்பர், ஞாயிறு
ஏரிக்கரையில் வேர்க்கடலை விற்கிற தேவானை என் கணுக்காலைப் பார்த்தாள். "இன்னா பாப்பா, பாவாட சுருங்கிக்கினே போவுது?"

இன்று முதல் பாவாடையை நாலு விரல் இறக்கிக் கட்டுகிறேன். கணுக்கால் மறைந்தது, அம்மா திருப்தியாகப் போய்விட்டாள். இவ்வளவு சுலபமாக ஏமாறுகிறவர்கள்தான் என்னை வளர்க்கிறார்கள்.

27 செப்டம்பர்
மீசைக்கென்று ஜவஹர் ராத்திரி தடவுகிற விளக்கெண்ணெயில் சர்க்கரைப் பாகு கலந்தேன். காலையில் உதடு வீங்கிக் கிடந்தான். அந்த மீசையை மதித்து வந்தவை எறும்புகள் மட்டும்தான். இனி அவன் ஜவஹர் இல்லை, சவரர்.

10 அக்டோபர், ஞாயிறு
மாட்டிக்கொண்டேன். கரைச் சரிவில் இறங்கும்போது பாவாடையை நானே மிதித்து, கிழித்து, சேற்றில் உட்கார்ந்தேன்.

வீட்டில் அம்மா கிழிசலைப் பார்த்தாள், முடிச்சைப் பார்த்தாள். "ஒனக்கு இடுப்பு எங்கட்டி இருக்கு, முழங்கால்லயா?" சவரர் சிரித்தார். அப்பா எனக்காக வாயைத் திறப்பார் என்று பார்த்தேன். பேப்பரைத் திறந்தார். வீரர்.

24 அக்டோபர், ஞாயிறு
தீபாவளிக்குத் தாவணி வந்தது. நடை போனது.

31 அக்டோபர், ஞாயிறு
அழுதேன். எழுதக் கூடாது என்றிருந்தேன். எதுக்கு அழுதேன்? ஒரு நாரைக்கா? அந்தக் குட்டைய யாரு பாக்கணும்? — நான்தான் பாக்கணும். வேற யாரு?

7 நவம்பர், ஞாயிறு
அப்பா தனியாகக் கிளம்பி ஒரு மணி நேரத்தில் திரும்பினார். "ஏரியில தண்ணியே இல்ல" என்றார்.

மூன்று நாள் மழையில் ஊரே மிதக்கிறது. பொய்க்குக்கூடத் துப்பில்லாத மனுஷர். அம்மா வாசலில் கிடந்த அவர் செருப்பைப் புரட்டினாள். ஒரு பொட்டு ஏரிச் சேறு இல்லை. "பஸ்ஸே ஏறல போலுக்கு" என்று அடுப்பிடம் சொன்னாள்.

14 நவம்பர், ஞாயிறு
அம்மா வாசலில் செருப்போடு நின்றாள். "தாவணி போட்ட பிள்ளைக்குப் பொம்பளத் துணை வேணும்லா" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். மெட்ராஸுக்கு வந்து பதினைந்து வருஷத்தில் அவள் இந்த ஏரியைப் பார்த்ததில்லை.

அப்பா குடையை நீட்டினார். "அந்தா பாரு, நாரை."

"அது கொக்கு" என்றாள் அம்மா, நிற்காமலே.

"பொண்ணு அம்மாவா நீ?" என்றாள் தேவானை. "இத்தினி நாளு வூட்ல இன்னாமா பண்ணிக்கினு இருந்தே?"

அம்மாவுக்குச் சரிவில் பொன்னாங்கண்ணிக் கீரை தெரிந்தது. சேலையைக் கணுக்காலுக்கு மேலே, நன்றாக மேலே தூக்கிச் சொருகிக்கொண்டு விறுவிறுவென்று இறங்கினாள்.

அவள் கேட்ட அதே இடுப்புக் கேள்வி எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டுக் கொக்கைப் பார்த்தேன்.