வள்ளத்தில் எழுந்து நின்றது

16.5.86 வெள்ளி

மழை. பின்னேரம் விட்டது. நாளை டேனிஷ் மொழி வகுப்புப் பயணம், கனோ ஓட்ட. எடுக்க வேண்டியவை: துவாய், மாற்று உடுப்பு, பாண், அவித்த முட்டை. போகிற இடத்தில் கடை இல்லையாம், பஸ்ஸும் இல்லையாம்.

மேல்வீட்டு நாயகம் அண்ணை தேத்தண்ணிக்கு வந்தார். தன் தங்கை பிலோவை எனக்குக் கலியாணம் செய்து தருகிறேன் என்று போன மாதம் சொன்ன நாளில் இருந்து என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார். "கோடைக்குள்ளை ஆளை இஞ்சை எடுத்துப்போடுவம் மச்சான்."

பிலோவின் படம் என் மணிபேர்சில். குரல் ஒரே ஒரு தரம், ஊரில் இருந்து தொலைபேசியில். "அங்கை சரியான குளிரோ?" அவ்வளவுதான் கேட்டாள். அதற்கே ஒரு கிழமை நித்திரை இல்லை எனக்கு.

17 சனி

வெயில். காற்று. கிரின்ஸ்டெட் தாண்டித் தார் ரோட்டு முடிந்து மணல் ரோட்டு. இரண்டு பக்கமும் மண் மேடு, கருகின மாதிரிப் பற்றை, ஒரு வீடு இல்லை. "வனாந்தரம் எண்டு பைபிளிலை வாசிச்சது இதுதான்," என்றார் அண்ணை. எல்லாரும் சிரித்தோம்.

இறங்குதுறை என்பது நாலு பலகை, ஒரு கக்கூசுப் பெட்டி, கனோ அடுக்கின சட்டம். கனோ என்பது ஒடுங்கின வள்ளம், இருந்துதான் துடுப்புப் போட வேண்டும். ஆறு தேத்தண்ணி நிறம். எழும்பி நிற்கக்கூடாது என்று கேர்ஸ்டின் ரீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அண்ணையும் அவருடைய ஊர்க்காரன் செல்வமும் ஒன்றில். அண்ணை தோல் சப்பாத்தோடு. படம் எடுக்க எழும்பினார். கவிழ்ந்தது. செல்வம் பலகையைப் பிடித்துவிட்டான். அண்ணையை ஆறு இழுத்துக்கொண்டு போனது. நீந்தத் தெரியாத மனிதர்.

நான் யோசிக்கவில்லை. கரையில் கிடந்த நீளக் கம்பை எடுத்தேன், இன்னொரு கனோவைத் தள்ளினேன், பின்பக்கத்தில் எழுந்து நின்று ஊன்றினேன். அப்பாவோடு போகிற மாதிரி. வளைவில் அவருடைய சேட்டுக் கொலர் கையில் பட்டது. இழுத்து ஏற்றினேன். திரும்பி வரும்போதும் நின்றபடிதான் வந்தேன்.

கேர்ஸ்டின் கை தட்டினாள். எங்கே பழகினாய் என்று டேனிஷில் கேட்டாள். விளங்காத மாதிரி நின்றேன். எங்கள் ஆட்கள் என் கையில் இருந்த கம்பையே பார்த்தார்கள்.

வீடு திரும்புகிற வான் வண்டிக்குள் செல்வம், மெதுவாக, ஆனால் எனக்குக் கேட்கத்தக்கதாக: "நிண்டு கம்பு ஊண்டினதைப் பாத்தனியளே அண்ணை. இவன் பட்டினத்துப் பொடியன் இல்லை. கடலுக்குப் போற ஆக்கள்." அண்ணை போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "ம்."

நான் பொய் சொன்னதில்லை. சம்பந்தம் பேசும்போது எங்கே படித்தனி என்று அண்ணை கேட்டார், பட்டினத்து விடுதிப் பள்ளிக்கூடம் என்றேன். அப்பாவின் தொழிலைக் கேட்கவே இல்லை. விடுதியில் படித்தவன் வெள்ளாளன் என்று அவரே முடிவு கட்டினார். திருத்துவது என் வேலையா?

18 ஞாயிறு

பெந்தகோஸ்துத் திருநாள். வெயில். தோய்த்த சேட்டோடு வாசலில் நின்றேன். ஒவ்வொரு ஞாயிறும் அண்ணையின் காரில்தான் பிரெடெரிசியாவுக்குப் பூசைக்கு. கண்ணாடியைப் பாதி இறக்கினார். "இண்டைக்கு இடமில்லைத் தம்பி."

பக்கத்தில் செல்வம். பின் சீற்றில் ஒருவரும் இல்லை.

தம்பி.

இங்கிருந்து பஸ் இல்லை. பூசை காணவில்லை. மீன் பொரித்தேன், கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு. மேலே வரைக்கும் மணக்கட்டும். யேசுவின் சீடர் என்று இவர்கள் கும்பிடுகிற இராயப்பர் என்ன, வலை வீசாமல் நெல்லா விதைத்தார்?

19 திங்கள்

லீவு. குப்பை போட்டேன். உருளைக்கிழங்கு முடிந்தது.

பின்னேரம் அண்ணை. உள்ளே வரவில்லை. தேத்தண்ணி வேண்டாமாம். "அம்மா பிலோவின்ரை படம் ஒண்டு கேட்டவ. என்னட்டை வேறை இல்லை." பிலோ இருப்பது அம்மாவோடு, ஒரே வீட்டில். கேட்கவில்லை. எடுத்துக் கொடுத்தேன். சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு, "என்ரை உயிரைக் காப்பாத்தினனீர், அதை நான் மறக்கமாட்டன்," என்றார். நீர். போன கிழமை வரைக்கும் நீ.

பிலோவிடம் என்ன சொல்வார்? மாப்பிள்ளை சரியில்லை என்று சொல்வார். என்ன சரியில்லை என்று அவளும் கேட்கமாட்டாள்.

அழுதேன். அந்தக் கொலரை விட்டிருக்கலாம் என்றும் நினைத்தேன். இதை எழுதக்கூடாது. எழுதிவிட்டேன்.

நேவி விடாததால் அப்பா கடலுக்குப் போய் வருடத்துக்கு மேல். வள்ளம் மணலில் கவிழ்ந்து கிடக்கிறதாம்.

20 செவ்வாய்

மந்தாரம். வகுப்பு. செல்வமும் அண்ணையும் முன் வரிசை வாங்கில். அண்ணையின் சப்பாத்து வெடித்துவிட்டது. கேர்ஸ்டின் சனிக்கிழமைக் கதையை எடுத்தாள். திரும்பவும் என்னிடம், எங்கே பழகினாய்?

எழுந்து நின்றேன். டேனிஷில் சொன்னேன்: என் அப்பா மீனவர். அவருடைய அப்பாவும் மீனவர். நானும் அவர்களோடு கடலுக்குப் போனவன்.

பின்னால் யாரோ இருமினார்கள். ஒரு பிழையும் இல்லை என்று கேர்ஸ்டினுக்குச் சந்தோசம். முதல் வசனத்தைப் பலகையில் எழுதினாள். ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும், உச்சரிப்புக்காக. முன் வாங்கில் இருந்து தொடங்கினாள்.

அண்ணை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு பலகையைப் பார்த்து வாசித்தார்: என் அப்பா மீனவர்.

கேட்கவில்லை, இன்னும் சத்தமாக, என்றாள் கேர்ஸ்டின்.