பாம் செடிக்கு முடிவெட்டு வேண்டாம்

ஏங்க,

நீங்க குப்பைக்குன்னு வாசல்ல வச்ச, குட்டிப் பனை மாதிரி இருக்கிற பாம் செடியை மறுபடி ஜன்னலோரமே கொண்டுவந்து வச்சுட்டேன். அது அங்கதான் இருக்கும்.

சலூன்ல வெட்டுற பழக்கத்துல வாராவாரம் அதுக்கும் கிராப் அடிச்சீங்க. முடி வெட்ட வெட்ட வளரும். பாம் செடி நடுக்குருத்தை வெட்டினா அதோட சரி. நல்லவேளை, குருத்து தப்பிச்சிருக்கு. மண்ணைத் தொட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா மட்டும் ஒரு டம்ளர் தண்ணி ஊத்துங்க. வீட்டுக் கத்தரிக்கோலைத் தேடாதீங்க, அது என் பையில என்கூட வேலைக்கு வருது.

சாப்பாடு அடுப்பு மேல இருக்கு. கோபம்னா சாப்பிட்டுட்டுக் கோபப்படுங்க.

தாள்ல இடமில்ல, ஓரத்துல எழுதுறேன்: இலை நுனி பழுத்துப்போச்சுன்னு அதை வாசல்ல வச்சீங்களே, உங்க தலை பாதி நரைச்சாச்சு. உங்களை நான் எங்கயாவது தூக்கி வச்சேனா?