மாமாவின் குரலுக்கு ஒரு வால்வு

என் அன்பு மாமாவுக்கு, சண்டை போட ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துக் கிடக்கும் உங்கள் சின்ன மச்சினன் எழுதுவது.

கேட்டுவிட்டது மாமா! உங்கள் குரல் கேட்டுவிட்டது! இதை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மண்டையே வெடித்துவிடும். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நாடகக் கம்பெனியோடு பட்டணம் போய், பாட்டுப் பிளேட்டில் பின்பாட்டுப் பாடிவிட்டு வந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? "அந்த நாலு குரல்ல ஒண்ணு என்னுது மாப்ளே" என்று நீங்கள் மார்தட்டாத நாள் உண்டா? குழாய் வைத்த கிராமபோனில் போட்டால் நான்கு குரலும் ஒரே கூழாகத்தான் கேட்கும். நம்மூர் இண்டூரில் ஒருத்தரும் நம்பவில்லை. நானும்தான், "மாமா ரயிலேறுனது நெசம், பாடுனது புளுகு" என்று கேலி செய்வேன். அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் இரண்டு வருஷம் தாண்டிவிட்டது. போன மாதம் கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்த அக்கா திடீரென்று முறத்தைக் கீழே வைத்தாள். "டேய் கோவிந்தா, உங்க மாமன் மூஞ்சி அப்படியே கண்ணுல நிக்குது. குரலுதான்டா வரமாட்டேங்குது. எவ்ளோ நெனச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்குது" என்று அழுதாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

தருமபுரியில் என் ரேடியோ ரிப்பேர்க் கடைக்கு இப்போது கரண்ட் வந்துவிட்டது. பிளேட்டில் ஓடும் ஊசியிலிருந்து பாட்டைக் கம்பி வழியாக எடுக்கும் பிக்கப்பும் இருக்கிறது. அதைப் பெருக்கிக் கொடுக்க ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினால் போதும். அதில் குரலைப் பெருக்கும் கண்ணாடிக் குழல், எந்த வால்வைப் போடுவது? அங்கேதானே நம் பழைய சண்டை!

உங்கள் கட்சி சத்தக் கட்சி. யுத்தம் முடிந்து பெங்களூர்ப் பழைய சாமான் சந்தையில் வந்து குவிந்த பட்டாளத்து வால்வுகளில், தலையில் தொப்பி வைத்த இரண்டு 807 வால்வுகளைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி தூக்கி வந்தீர்கள். "ரெண்டையும் மாத்தி மாத்தி வேல வாங்கணும் மாப்ளே, அதியமான்கோட்டைக்கே கேக்கணும்!" என்றீர்கள். உங்கள் மரியாதைக்காக முதலில் அவற்றைத்தான் மாட்டினேன். அப்பப்பா! பக்கத்துக் கடைத் தையல்காரர் மிஷினை விட்டுவிட்டு ஓடிவந்தார். சத்தம் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு வால்வு ஓய்ந்து அடுத்தது எழும் இடத்தில் மெல்லிய குரலெல்லாம் கரகரவென்று நசுங்கியது. பின்பாட்டு மறுபடியும் கூழ்தான்.

சரியென்று என் கட்சிக்கு வந்தேன். கிளாஸ் ஏ. ஒரே வால்வு, பாட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓயாமல் முழுசாக வேலை செய்யும். சூடு ஏராளம், சத்தம் கொஞ்சம், ஆனால் குரல் உள்ளது உள்ளபடி வரும். அக்காவிடம் இதைச் சொன்னேன். "வேல இல்லாதப்பவும் சும்மா இருக்காதா? அப்ப அது உங்க மாமனுக்கு நேர் எதிருதான்" என்றாள். எத்தனை நாளைக்குப் பிறகு சிரித்தாள் தெரியுமா!

காப்பி கிளப்பின் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய 45 நம்பர் வால்வுகள் இரண்டு என்னிடம் இருந்தன. நேற்று அக்காவை பஸ் ஏற்றிக் கடைக்கு அழைத்து வந்தேன். சாயங்காலம் ஊர் விளக்கெல்லாம் எரிந்தால் கரண்ட் தொய்ந்துவிடும் என்று மத்தியானமே உட்கார்ந்தோம். முதலில் மாட்டிய வால்வுக்குள் நீலமாக ஒரு வெளிச்சம் பரவியது. "இதயே போடுங்க, அழகா இருக்குது" என்றார் தையல்காரர். அழகு என்ன அழகு! நீலம் தெரிந்தால் உள்ளே காற்று புகுந்துவிட்டது என்று அர்த்தம். கழற்றி வீசினேன்.

மற்றது மங்கலாக, அவியப் போகும் கரி மாதிரி இருந்தது. மாட்டினேன். பாட்டு சுத்தமாக வந்தது, கூடவே "ம்ம்ம்" என்று ஒரு இரைச்சலும் வந்தது. "உள்ள குளவி கூடு கட்டுது பாரு" என்றாள் அக்கா. மூச்சைப் பிடித்துக்கொண்டு, இரைச்சலை அடக்கும் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினேன். குளவி அடங்கியது.

பிளேட்டை முதலிலிருந்து வைத்தேன். ராஜபார்ட் பாடி முடித்தார். பின்பாட்டு வந்தது. மாமா, மூன்று பேர் ஒன்றாக எடுக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மூச்சு முன்னாலேயே ஒரு குரல் தனியாக எடுத்துவிட்டது!

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். "அவுருதான்டா! பந்தியில எல போடறதுக்கு முந்தி போயி உக்காருவாரே, அதே அவசரம்!" அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் போடச் சொன்னாள். கடைசியில் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "எதுக்குங்க இப்படி முந்திக்கிட்டுப் போறீங்க? மத்தவங்க வர்ற வரைக்கும் இருக்கக் கூடாதா?"

நான் ஊசியை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் வைத்தேன். அவளுக்கு நீங்கள் ஒரு பதில் சொல்லியிருக்கலாம்.

இன்று காலை வீட்டில் அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள். "டேய், பிளேட்டு இல்லாமயே கேக்குதுடா" என்றாள். அவ்வளவுதான் மாமா, எனக்கு இது போதும்.

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். மாரியம்மன் பண்டிகைக்கு உங்கள் 807 ஒன்றை எடுத்து, கிளாஸ் ஏ-யில் ஒற்றையாக ஓட விடுவேன். வால்வு உங்களுடையது, முறை என்னுடையது, சண்டை தீர்ந்தது. புளுகு என்று சொன்ன அத்தனை பேரையும் கூட்டி வைத்து அந்தப் பிளேட்டைப் போடுவேன். முதல் வரிசையில் நானே உட்காருவேன். நாங்கள் எல்லோரும் உங்களிடம் மெதுவாகத்தான் வருவோம். அங்கேயாவது அடுத்த அடியை முந்தி எடுக்காமல், அக்கா வரும்வரை பொறுத்திருங்கள்.

உங்களைப் புளுகர் என்று சொன்ன வாயால் இன்று ஊரெல்லாம் உங்கள் பெருமை பேசித் திரியும்,
உங்கள் பெண்டாட்டியின் தம்பி,
கோவிந்தன்