மெர்சியின் புது வீல்கள்

12, வெள்ளி
காலையிலிருந்து தூறல். தண்ணீர் மோட்டார் ரிப்பேர் ஆள் இன்றும் வரவில்லை. மாடித் தொட்டி காலி.

எங்கள் கல்யாண நாளுக்கு மெர்சிக்கு நான் ஆர்டர் போட்ட வீல்கள் வந்துவிட்டன. ரோடு சைக்கிளுக்கு இவ்வளவு அகலமான ரிம் நான் பார்த்ததில்லை. ட்யூப் வேண்டாத வகை. தூக்கிப் பார்த்து, "இன்னாங்க இது, வெயிட்டே இல்ல" என்றாள். அவள் பாடம் நடத்தும் ஸ்கூலில் புது எச்.எம். வந்ததிலிருந்து அவள் இப்படிச் சிரித்ததில்லை.

13, சனி
பழைய டயரிலும் ‘ட்யூப்லெஸ்’ என்றுதான் போட்டிருக்கிறது. அப்புறம் எதற்குப் புதுசு? அதையே மாட்டினேன். கைப்பம்புக்கு விளிம்பில் உட்காரவே மாட்டேன் என்றது. பைபாஸ் லாரி பஞ்சர் கடைக்குத் தூக்கிப்போனேன். பஷீர் பாய் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரசரில் ஒரே அடி. டப் டப். உட்கார்ந்துவிட்டது.

"காத்து எவ்ளோ சார்?"

"எப்பவும் நூறு, பாய். நாளைக்கு மெர்சி மலை ஏறப்போறா."

"மலைக்கா? கம்மியா வெச்சா இழுக்கும். கொஞ்சம் ஜாஸ்தியே வெக்கிறேன்."

கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தோம். கல். இரண்டு பேருக்கும் பெருமை.

வாங்க: செயின் எண்ணெய், வாழைப்பழம், கடலை மிட்டாய்.

14, ஞாயிறு
மெ. விடியும் முன்பே கிளம்பிவிட்டாள். குழுவோடு வெள்ளிமலை ஏறி இறங்க. சர்ச் பூசைக்குச் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தேன். நேற்று நான் அனுப்பிய வீல் படத்தைப் பார்த்துவிட்டு அந்தோணி போன். காலேஜ் கூட்டாளி, புதுச்சேரியில் அவனும் சைக்கிள் ஓட்டுகிறவன்.

"டேய், ரிம்மு ஓரத்துல டயரக் கவ்வுற வளைவு இருக்குதா?"

"இல்ல. நேரா, வழவழன்னு இருக்கு."

"உள் அகலம்?"

"இருபத்தஞ்சு மில்லி. டயரும் அதே இருபத்தஞ்சு." நல்ல பொருத்தம் என்று நினைத்திருந்தேன்.

"அதான்டா ஆவாது. டயரு இன்னும் அகலமா, அந்த ரிம்முக்குன்னே செஞ்சதா இருக்கணும். காத்து எழுபதத் தாண்டக்கூடாது. எவ்ளோ வெச்ச?"

சொன்னேன். "நூறுக்கும் மேலயா!" என்று கத்தினான். பிறகு, "ஏறிக்கினு இருந்தா பரவால்ல. எறங்க வுடாத. வளைவுல டயரு கழண்டுக்கும்."

மெ. போன்: தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. மலையில் எங்கே சிக்னல்.

பூசை இல்லை. ஸ்கூட்டர். கச்சிராயபாளையம் டீக்கடைக்காரர்: "சைக்கிள்காரங்களா? அப்பவே ஏறிட்டாங்க சார்."

மலைப்பாதையில் பாதி ஏறியிருப்பேன். எதிரே இறங்கி வந்தார்கள். முதல் ஆளாக மெ. கையாட்டிவிட்டுப் போயே போய்விட்டாள்.

திருப்பி விரட்டினேன். கத்தினேன். ஹாரன் அடித்தேன். உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, குனிந்து இன்னும் வேகம் எடுத்தாள். மறிக்கவும் பயம், திடீரென்று பிரேக் போட்டுவிட்டால்? ஹாரனையும் விட்டேன். ஒவ்வொரு வளைவிலும் அந்தப் பின்டயரையே பார்த்துக்கொண்டு பின்னாலேயே போனேன். மாதாவே, மாதாவே. வேறு ஒன்றும் வாயில் வரவில்லை. இப்படிக் கையாலாகாமல் நான் இருந்ததே இல்லை.

அடிவாரத்தில் நின்றாள். முகமெல்லாம் வேர்வை, சிரிப்பு. குத்துக்காலிட்டு இரண்டு வீலிலும் காற்றைத் திறந்துவிட்டேன்.

"இன்னா பண்றீங்க?"

எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே மைல்கல் மேல் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"எறக்கத்துல எப்பவும் பயந்துக்கினு பிரேக்கப் புடிச்சிக்கினேதான் வருவேன். இன்னிக்கு நீங்க பின்னாடி வந்துக்கினு இருந்தீங்க இல்ல, அதான் தைரியமா வுட்டேன்."